கத்தாத வலிக்குக் கட்டில் இல்லை

ஒரு காட்டில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. காடு அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் மூத்தது என்றாலும், ஒப்புதல் பெற்ற வரைபடம் சுகாதார நிலையத்துக்கு மட்டும்தான் இருந்தது. வாசலில் ஒரு பலகை தொங்கியது: ‘நூறு சதவீதம் மருத்துவமனைப் பிரசவம். நமது காட்டின் பெருமை.’ பலகைக்குக் கீழே ஒரு வரிசை. அது எங்கே தொடங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே முடிகிறது என்று பார்க்கப் போனவர்கள், பின்னால் ஆள் வந்து நின்றுவிட்டதால், அங்கேயே நின்றுவிட்டார்கள்.

அந்த நிலையத்தில் வடிவு என்ற அணில் பேறுகாலப் பணியாளராக இருந்தாள். ஒப்பந்த வேலைதான். அவளுடைய மரத்திலோ அதற்கடுத்த மரங்களிலோ அவளுக்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை. அதனால் எதையும் இரண்டு முறை செய்வாள். பொந்தை விட்டுக் கிளம்பினால் பாதி வழியில் திரும்பி வந்து, கதவைச் சாத்தினோமா என்று பார்ப்பாள். பொந்துக்குக் கதவே கிடையாது. பிரசவம் பற்றிக் கல்லூரியில் முந்நூறு பக்கம் படித்திருந்தாள். முந்நூறும் யானையின் பிரசவம். பாடத்திட்டக் குழுவுக்கு யானைதான் தலைவர்.

தை மாதத்துக் கடைசியில் காட்டோரம் ஒரு கார் வந்து நின்றது. ஒரு கூண்டை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டது. கூண்டுக்குள் இரண்டு உருவங்கள். வால் இல்லை. காது இருந்தும் இல்லாத மாதிரி. ஓர் எலியைத் தலையணை உறைக்குள் போட்டுத் தைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. கினிப்பன்றிகள். பெண்ணின் பெயர் ஜிலேபி, அவள் கணவன் பெயர் லட்டு. நகரத்தில் நான்காவது மாடியில் வளர்ந்தவர்கள்.

“ஏன் இறக்கி விட்டுட்டாங்க?” என்று வடிவு கேட்டாள்.

“எங்களை வளர்த்த வீட்டுத் தம்பிக்குப் பப்ளிக் பரீட்சை வருதாம், அக்கா” என்றாள் ஜிலேபி. “அதோட நான் ரொம்ப குண்டாயிட்டேன்னும் பேசிக்கிட்டாங்க.”

வடிவு அவளுடைய வயிற்றைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பை தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து ஏதோ ஒன்று இடது பக்கத்தை உதைத்தது.

“நீ குண்டாகல ஜிலேபி.”

“பின்னே?”

“உள்ளே ஆள் இருக்கு. ஒண்ணுக்கு மேலேயே இருக்கும்.”

ஜிலேபி லட்டுவைப் பார்த்தாள். லட்டு கூண்டுக் கம்பியைப் பார்த்தான்.

கூண்டின் அடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கூண்டு விற்ற கடையில் சும்மா கொடுத்தது. நகரத்தில் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஜிலேபி மட்டும் பாதியைத் தின்றிருந்தாள். மிச்சமிருந்த பாதியை வடிவு இரண்டு முறை படித்தாள். கர்ப்பம் அறுபது முதல் எழுபது நாள். காய்ந்த புல் எந்நேரமும் வாயெதிரே இருக்க வேண்டும். வைட்டமின் சி அந்த உடம்பில் தானாக ஊறாது, அதனால் தினமும் கொய்யாவோ நெல்லிக்காயோ கொடுக்க வேண்டும். சும்மா சும்மா தூக்கக் கூடாது. தீனியை நிறுத்தினால் ஆபத்து, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். கடைசி வரி இப்படி இருந்தது: ‘பிரசவம் நெருங்கினால் இடுப்பின் முன் எலும்புகள் இரண்டும் விலகும். நடுவில் ஒரு விரல் அகலம் இடைவெளி வந்துவிட்டால், இரண்டு நாளுக்குள்’. அதற்குப் பிறகு பல் தடம்.

“மீதியில என்ன எழுதியிருந்துச்சு?”

“எனக்குப் படிக்கத் தெரியாதே அக்கா. ருசி நல்லா இருந்துச்சு.”

நாள் கணக்கும் தெரியவில்லை. நல்லவேளையாக லட்டுவுக்கு ஒன்று நினைவிருந்தது. “தம்பிக்கு அரைப்பரீட்சை லீவு விட்ட அன்னைக்குத்தான், மேடம், எங்க ரெண்டு பேரையும் ஒரே கூண்டுல போட்டாங்க” என்றான். வடிவு மரத்தில் கோடு போட்டு எண்ணினாள். நாற்பது நாள் ஆகியிருந்தது. மறுபடி எண்ணினாள். அப்போதும் நாற்பதுதான்.

மறுநாள் பதிவு செய்யப் போனாள். கவுண்டரில் எழுத்தராக ஓர் உடும்பு இருந்தார். உடும்பு எதைப் பிடித்தாலும் விடாது; இவர் பிடித்தது விதிமுறையை.

“இனம்?”

“கினிப்பன்றி சார்.”

“பன்றின்னு போட்டுக்கறேன்.”

“பன்றி இல்லீங்க சார்.”

“அப்ப கினின்னு ஏதோ சொன்னீங்களே, அந்த ஊரா?”

“அந்த ஊரும் இல்ல சார்.”

“இதுல எதுதாம்மா உண்மை?”

“கர்ப்பம் உண்மை சார்.”

உடும்பு ‘பன்றி’ என்றே எழுதிக்கொண்டார். பிரசவ தேதியை அவர் எழுத வேண்டியிருக்கவில்லை. பதிவு செய்த நாளிலிருந்து இருபத்திரண்டு மாதம் என்று படிவத்தில் அச்சடித்தே இருந்தது.

“சார், இருபத்திரண்டு மாசம் யானைக்கு. இவளுக்கு இன்னும் நாலு வாரம்தான்.”

“அப்படின்னா குறைப்பிரசவம். அதுக்கு வேற படிவம். அது தீர்ந்துபோச்சு.” உடும்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நடுவுல வலி வந்தா கூட்டிட்டு வாங்க. வந்து கத்தணும். டாக்டரம்மா உத்தரவு, கத்தல் கேட்டாத்தான் கட்டில்.”

பதிவேட்டில் ‘பன்றி’ என்று ஏறியதும் அந்தச் செய்தி காட்டுப்பன்றி பேச்சியம்மாளுக்குப் போய்விட்டது. பேச்சியம்மாள் ஒன்பது பெற்றவள். காட்டில் எல்லாருக்கும் அவள் அத்தை. மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“ஏட்டி வடிவு, எங்க இனத்துப் புள்ள மாசமா இருக்காளாம், ஒரு வார்த்தை சொல்லலியே!” என்றவள் ஜிலேபியைக் கண்டதும் நின்றாள். “என்னட்டி இது, இவ்வளவுதானா? மீதி பின்னால வருதா?”

“இவ்வளவுதான் அத்தை.”

“சரி, இருக்கட்டும். சொந்தம்னு ஆகிப்போச்சு. வளைகாப்பு நான்தான் நடத்துவேன்.”

நடத்தினாள். ஐந்து வகைச் சாதம் கிளறி வந்தது. ஜிலேபிக்குச் சாதம் ஆகாது என்று வடிவு சொல்ல, பேச்சியம்மாளுக்கு முகம் தொங்கிப்போனது. வடிவு அவசர அவசரமாகக் கொத்தமல்லி, கொய்யா, நெல்லிக்காய், அருகம்புல், காய்ந்த புல் என்று ஐந்தைத் தேடி வரிசையாக வைத்துக் கணக்கை நேராக்கினாள். சாதம் வீணாகக் கூடாதே என்று பேச்சியம்மாளே ஐந்தையும் முடித்தாள். வளையல் சத்தத்துக்குப் பயந்து ஜிலேபி சட்டிக்கடியில் புகுந்துகொண்டதால், வளையல்களைச் சட்டிக்குப் போட்டார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவளைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினார்கள். வடிவு சட்டிக்கு முன்னால் வாலை விரித்து நின்று, “கண்ணால பாருங்க, கையால பாக்காதீங்க” என்று அறுபது முறை சொன்னாள். அறுபதையும் மரியாதையாகச் சொன்னாள்.

அடுத்து லட்டு விஷயம். தாளில் அது தெளிவாக இருந்தது: பிரசவத்துக்கு முன்பே ஆணைப் பிரித்துவிட வேண்டும், குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி கருத்தரித்துவிடுவாள், அது அவள் உடம்பு தாங்காது. இதை எப்படிச் சொல்வது என்று வடிவு இரண்டு நாள் ஒத்திகை பார்த்தாள்.

“தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பறது வழக்கம்” என்று தொடங்கினாள்.

“எனக்கு ஏதுக்கா தாய்வீடு?” என்றாள் ஜிலேபி.

“அதனால இவரை அனுப்பலாம்னு இருக்கேன். ஆத்தங்கரை முயல் வீட்ல இடம் கேட்டிருக்கேன்.”

லட்டு எழுந்து நின்றான். “மேடம், என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?”

வடிவுக்குப் பொய் வராது. “தாள்ல அப்படித்தாங்க போட்டிருக்கு.”

“மனைவியை அனுப்பற ஊரைக் கண்டிருக்கேன், புருஷனைச் சீர் வச்சு அனுப்பற ஊரை இப்பத்தான் பாக்கேன்” என்று சொல்லி, பேச்சியம்மாள் அவன் கையில் ஒரு கட்டுப் புல்லைக் கொடுத்து வழியனுப்பினாள்.

இனி அந்த ஒரு விரல். யாருடைய விரல்? வடிவின் விரல் என்றால் ஜிலேபிக்கு நேற்றே பிரசவம் ஆகியிருக்க வேண்டும். பேச்சியம்மாளின் குளம்பு என்றால் இந்த ஜென்மத்தில் ஆகாது. யானை டாக்டரம்மாவுக்கு விரலே இல்லை. தாளை அச்சடித்தது மனிதர்கள், ஆகவே மனித விரல்தான் என்று வடிவு முடிவுக்கு வந்தாள். மதியம் வேங்கை மரத்தடியில் வனக்காவலர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்குவார். ஒரு வைக்கோல் துண்டோடு இறங்கிப்போய், அவருடைய விரலின் அகலத்துக்கு வைத்துப் பார்த்துப் பல்லால் கடித்து வெட்டினாள். மோதிர விரலை அளந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்து, திரும்பிப் போய் ஆள்காட்டி விரலையும் அளந்தாள். அவர் கையைச் சொறிந்துகொண்டு “கொசு” என்றார்.

அன்று முதல் ஒவ்வொரு காலையும் ஜிலேபி கொத்தமல்லி மென்றுகொண்டிருக்கும்போது, வடிவு அவளை எடுக்காமல், அடியில் நுனி விரலால் மெல்லத் தடவி, அந்த இரண்டு எலும்புகளுக்கும் நடுவே வைக்கோலைப் பிடித்துப் பார்ப்பாள். முதலில் துண்டின் நுனிக்கு மட்டும் இடம். பிறகு கால் துண்டு. பிறகு அரை.

“இன்னும் கூடு கட்டலியேட்டி” என்பாள் பேச்சியம்மாள். “நான் ஒவ்வொரு பேறுக்கும் மொத நாளே இலையும் தழையும் சேத்து மெத்தை போட்டுருவேன். இவ சும்மா உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கா. இவளுக்கு இப்ப இல்ல.”

“இவங்க கூடு கட்ட மாட்டாங்களோ என்னவோ அத்தை.”

“கட்டாம எப்படி வலி வரும்?”

அறுபத்தேழாம் நாள் காலை. வைக்கோல் துண்டு இடைவெளியில் முழுசாகப் படுத்தது. படுத்த பிறகும் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. வடிவின் நெஞ்சு அவள் வாலைவிட வேகமாக அடித்துக்கொண்டது. மறுபடி அளந்தாள். மறுபடியும் மிஞ்சியது.

ஜிலேபியைத் தூக்கக் கூடாது. ஒரு செருப்புப் பெட்டியைச் சாய்த்து, உள்ளே புல்லும் கொய்யாத் துண்டும் வைத்தாள். ஜிலேபி கொய்யாவைப் பார்த்துக்கொண்டே தானாக நடந்து ஏறினாள். பேச்சியம்மாள் மூக்கால் பெட்டியைத் தள்ள, வடிவு முன்னால் போய் வழியில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டாள். இப்படியாக மூவரும் வரிசையில் போய்ச் சேர்ந்தார்கள். டோக்கன் கொடுத்தார்கள். ஐம்பத்தெட்டு. ஓடிக்கொண்டிருந்தது முப்பது.

வடிவு கவுண்டருக்கு ஓடினாள். “சார், ஜிலேபிக்கு நேரம் வந்துருச்சு. கட்டில் வேணும்.”

உடும்பு பதிவேட்டைப் புரட்டினார். “இவங்களுக்கு இன்னும் இருபத்தோரு மாசம் இருக்கே. கத்தினாங்களா?”

“கத்தல. ஆனா எலும்பு விலகிடுச்சு சார், நான் அளந்தேன்.”

“எதால?”

“வைக்கோலால.”

பின்னால் நின்ற நரி சிரித்தது. உடும்பு சிரிக்கவில்லை, அலுவலக நேரத்தில் அவர் சிரிப்பதில்லை. “கத்தச் சொல்லுங்க” என்றார்.

வடிவு பெட்டிக்குத் திரும்பினாள். “ஜிலேபி, ஒரே ஒரு தடவை கத்தும்மா.”

“மாட்டேன் அக்கா” என்றாள் ஜிலேபி மெதுவாக. “வலிக்கும்போது நாங்க கத்த மாட்டோம். கத்தினா இங்க ஒரு சாப்பாடு இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்.” சொல்லிவிட்டுப் பின்னங்கால்களில் குந்தினாள். உடம்பு உருண்டையானது. தலை வயிற்றுக்கடியில் போனது. விக்கல் மாதிரி ஒரு வெட்டு, உடம்பு முழுவதும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

“விக்குது, தண்ணி குடு” என்றாள் பேச்சியம்மாள்.

வடிவுக்கு விக்கல் இல்லை என்று தெரிந்தது. டோக்கன் பலகையில் அப்போது முப்பத்தொன்று.

எவ்வளவு நேரம் முக்கலாம்? தாளின் அந்தப் பாதி ஜிலேபியின் வயிற்றுக்குள் போய் ஒரு மாதம் ஆகிறது. வடிவு கல்லூரிப் பாடத்தை நினைத்தாள். ‘யானை மூன்று மணி நேரம் முக்கியும் கன்று வராவிட்டால் தாய்க்கும் கன்றுக்கும் உயிர் ஆபத்து.’ யானைக்குக் கர்ப்பம் அறுநூற்றறுபது நாள், இவளுக்கு அறுபத்தேழு. பத்தில் ஒரு பங்கு. மூன்று மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு பதினெட்டு நிமிடம். ஒரு டோக்கனுக்கு மூன்று நிமிடம் ஆகிறது. ஆறு டோக்கன். முப்பத்தேழு வருவதற்குள் வர வேண்டும். வராவிட்டால்? வடிவு தீர்மானித்தாள்: முப்பத்தேழு என்று மணி அடித்ததும் நான் கத்துவேன். என் வயிறு வலிக்கிறது என்று பொய் சொல்லி, கட்டிலைப் பிடித்து, அதில் இவளைப் படுக்க வைப்பேன். பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டாலும் சரி. இதுவரை வாயால் ஒரு பொய் சொன்னதில்லை; அதற்கும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

முப்பத்திரண்டு. முப்பத்துமூன்று.

பேச்சியம்மாளால் அவ்வளவு நேரம் பொறுக்க முடியவில்லை. “அட, கத்தத்தானே சொல்லுதான் அந்தக் கொள்ளையில போவான்? வாய் எதுக்கு இருக்கு?” என்று சொல்லி, வாயைத் திறந்து, ஒன்பது பிரசவத்துக்கும் சேர்த்து ஒரு கத்துக் கத்தினாள்.

சுவரில் இருந்த காலண்டர் விழுந்தது. உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது: “ஆஹா! நல்ல வலி! உள்ளே கொண்டு வாங்க!” நான்கு கரடிகள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்து பேச்சியம்மாளை அலாக்காகத் தூக்கிப் போட்டுக் கட்டின.

“நான் இல்லடா! அந்தப் பெட்டிக்குள்ள பாருங்கடா!”

“எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்றது ஒரு கரடி.

“எனக்கு வலியே இல்லடா, விடுங்கடா!”

“கடைசி நேரம். பிதற்றல் ஆரம்பிச்சிருச்சு” என்றது இன்னொன்று. கதவு மூடிக்கொண்டது. இருந்ததே ஒரு காலிக் கட்டில். அதுவும் போயிற்று.

முப்பத்துநான்கு. முப்பத்தைந்து. ஜிலேபி சத்தமே இல்லாமல் குலுங்கினாள். வடிவு பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி, “இருக்கேன், இங்கதான் இருக்கேன்” என்றாள். முப்பத்தாறு. மணி அடித்து, ஒரு மான் எழுந்து போனது. இன்னும் மூன்று நிமிடம். வடிவு கத்துவதற்காக மூச்சை இழுத்து நெஞ்சில் நிறுத்திக்கொண்டாள்.

ஜிலேபி தலையைக் கால்களுக்கு நடுவே கொண்டுபோய் எதையோ பல்லால் பற்றி இழுத்தாள். ஈரமாக ஒன்று வந்து புல்லில் விழுந்தது. அதை நக்கத் தொடங்குவதற்குள் அடுத்ததும் வந்துவிட்டது. ஜிலேபி இரண்டாவதின் பக்கம் திரும்பிவிட்டாள். முதல் குட்டி பனிக்குடத்தின் தோலுக்குள்ளேயே அசையாமல் கிடந்தது.

வடிவு யோசிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக எதையும் சரிபார்க்கவில்லை. முகத்தின் மேலிருந்த தோலைப் பல்லால் கிழித்தாள். துணியால் மூக்கைத் துடைத்து, முதுகை மேலும் கீழும் தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். குட்டி தும்மியது. பிறகு கீச்சென்றது. வடிவு நெஞ்சில் நிறுத்தியிருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. அதில் கத்தல் இல்லை, அழுகை இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மூன்றாவதும் வந்தது. மூன்றும் முழு ரோமத்தோடு, கண் திறந்து, பல் முளைத்து, வெளியூர் போய்விட்டு வந்தவர்கள் போல இருந்தன. ஜிலேபி அவற்றை நக்கிக் காயவைத்துவிட்டு, மிச்சமிருந்த கொய்யாவைத் தின்னத் தொடங்கினாள். வடிவுக்கு அதுதான் வேண்டும். தீனி எடுக்கிறாள். மூன்று குட்டிகளையும் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

ஒரு மணி நேரத்தில் குட்டிகள் எழுந்து, பெட்டியை விட்டு இறங்கிய அம்மாவைத் தொடர்ந்து போய், வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றன.

“யாருப்பா அது, நடுவுல நுழையறது?” என்றது நரி.

“இப்பத்தாங்க பொறந்தாங்க” என்றாள் வடிவு.

“பொறந்தா? நாங்க விடியக்காலையிலேர்ந்து நிக்கறோம். கடைசியில போய்ப் பொறக்கச் சொல்லு!”

செய்தி எப்படியோ ஆற்றங்கரைக்குப் போய், லட்டு ஓடி வந்தான். வடிவுக்குத் திக்கென்றது. ஆனால் அவனை உடும்பு மறித்தார். “பார்வையாளர் படிவம், திருமணச் சான்று, குடும்ப அட்டை. மூணும் கொண்டு வாங்க. எப்படியும் மூணு மாசம் ஆகும்.” லட்டு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான். ஒரு படிவம் ஒரு தாயின் உடம்பைக் காப்பாற்றியது சுகாதார நிலையத்தின் வரலாற்றில் அதுவே முதல் முறை. வடிவு கவுண்டரில் எட்டி, “ரொம்ப நன்றி சார்” என்றாள். உடும்புக்கு இதற்கு முன் யாரும் அதைச் சொன்னதில்லை. இது எந்த விதியின் கீழ் வரும் என்று தேடத் தொடங்கினார்.

சாயங்காலம் யானை டாக்டரம்மா வெளியே வந்தார். கட்டிலில் ஒரு தாய் இருக்கிறாள், குழந்தை இல்லை. வரிசையில் மூன்று குழந்தைகள் இருக்கின்றன, கட்டில் இல்லை. டாக்டரம்மாவுக்குக் கணக்கு நொடியில் விளங்கிவிட்டது. பதிவேட்டை வாங்கி எழுதினார்: ‘கட்டில் நான்கு. பேச்சியம்மாள். பன்றி. வலி பலமாக இருந்தது. மூன்று குழந்தைகள். அனைவரும் நலம்.’

“டாக்டரம்மா, பெத்தது ஜிலேபி” என்றாள் வடிவு.

“கத்தினது யாரு?”

“பேச்சியத்தை.”

“அப்புறம் என்னம்மா?”

“பெத்தது ஜிலேபி, டாக்டரம்மா. நான் கூட இருந்தேன். வரிசையில பெத்தா.”

டாக்டரம்மா வாசல் பலகையை நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் என்று எழுதினால் நூறு தொண்ணூற்றொன்பது ஆகிவிடும். தும்பிக்கையால் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். “வரிசை எங்க இருக்கு?”

“வாசல்ல.”

“வாசல் எங்க இருக்கு?”

“வளாகத்துல.”

“அப்ப மருத்துவமனைப் பிரசவம்தானே! ஜிலேபின்னு ஒரு பொண்ணு பிரசவத்தின்போது உடன் நின்று உதவினார்னும் எழுதிக்கறேன். திருப்தியா?” என்று சொல்லி எழுதிவிட்டு உள்ளே போனார்.

பேச்சியம்மாளை மூன்று நாள் ஓய்வில் வைத்தார்கள். பாலும் ரொட்டியும் தந்தார்கள். நான்காம் நாள் தாய்மார்களுக்கான பரிசுப் பெட்டகத்தோடு வெளியே வந்தாள். வெளியே வந்த முதல் நாள் வெட்கப்பட்டாள். இரண்டாம் நாள் பெட்டகத்திலிருந்த துண்டை மட்டும் குட்டிகளுக்குக் கொடுத்தாள். மூன்றாம் நாள் வரிசையில் நின்ற இளம் கர்ப்பிணிகளைச் சுற்றி உட்கார வைத்து, “இந்தப் பத்தாவது பேறு இருக்கே, அதுதான் ரொம்பக் கஷ்டம், தாயி” என்று ஆரம்பித்தாள். கூட்டத்தின் ஓரத்தில் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஜிலேபியும் வாய் பிளந்து கேட்டாள்.

“அத்தை பாவம்ல அக்கா?” என்றாள் வடிவிடம். “எனக்கெல்லாம் அவ்வளவு வலிக்கவே இல்லை.”

நீதி: பிள்ளை பெறுவது வேறு, பிரசவம் ஆவது வேறு. முதலாவதற்கு வயிறு போதும். இரண்டாவதற்குத் தொண்டை வேண்டும்.